கொச்சையின் வரவு செலவு

(சிங்கப்பூர், பிடோக்கில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இப்படிப்பட்ட மேடையில் சங்க இலக்கியம் பேசலாம், திருக்குறள் பேசலாம், பாரதி பேசலாம். நான் கொச்சைச் சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்துச் சிலர் புருவம் உயர்த்தியதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்குப் பவணந்தி முனிவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். நன்னூல் எழுதி ஏறத்தாழ 800 ஆண்டுகள் ஆகின்றன. அதில் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து, இடக்கரடக்கல், மங்கலம் இரண்டோடும் குழூஉக்குறியையும் அவர் சேர்த்துவைத்தார். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வைத்துக்கொள்ளும் வேறு பெயர் அது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். குடித்தவனைப் பேசவைப்பது கள். அதற்குச் ‘சொல்விளம்பி’ என்று பேர் வைத்த வேடன் யாரோ, அவன் நல்ல ரசிகன். பட்டறைப் பேச்சையும் காட்டுப் பேச்சையும் இலக்கண நூலுக்குள் அனுமதித்த மரபு நம்முடையது. நாம்தான் இடையில் எங்கோ கூச்சப்படக் கற்றுக்கொண்டோம்.

குழூஉக்குறி இன்று எங்கே உயிரோடிருக்கிறது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிடோக் பேருந்து நிலையத்தை ஒட்டிய உணவங்காடி நிலையத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போய்ப் பானக்கடை முன் வரிசையில் நின்றால் போதும். முன்னால் நிற்கும் நம் தமிழ்ப் பாட்டி கேட்கிறார்: ‘ஒரு தே சி கொசோங் பெங், தபாவ்.’ பாலூற்றிய, சர்க்கரை இல்லாத, ஐஸ் போட்ட தேநீர் ஒன்று, கட்டிக்கொடுங்கள் என்று அர்த்தம். ‘தே’ ஹொக்கியன் சொல். ‘சி’ என்பது டின் பாலைக் குறிக்கும். புதியது என்னும் பொருள்படும் ஹைனானியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ‘கொசோங்’ மலாய், வெறுமை, சுழியம். ‘பெங்’ மறுபடி ஹொக்கியன், பனிக்கட்டி. ‘தபாவ்’ சீனத்தில் பொட்டலம் கட்டுவது. ‘ஒரு’ மட்டும்தான் தமிழ். பாட்டிக்கு இது எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. கடைக்காரருக்குப் புரிந்தது, தேநீர் வந்தது.

அந்த வரிசையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் ‘தாக் கியூ’ என்று ஒரு குரல் கேட்கும். பந்து உதைப்பது என்று பொருள். கேட்டவருக்கு வந்து சேர்வது மைலோ. பழைய மைலோ டப்பாக்களில் பந்து உதைக்கும் ஆட்டக்காரர் படம் இருந்ததால் வந்த பேர். ‘தியாவ் ஹூ’ என்றால் மீன் பிடிப்பது. நூலில் கட்டிய தேயிலைப் பையை வெந்நீரில் தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்த்துச் சொன்னது. சோயாப் பாலில் கறுப்புப் புல் ஜெல்லி கலந்தால் ‘மைக்கேல் ஜாக்சன்’. கறுப்பும் வெள்ளையும் ஒரே கோப்பையில். பொற்கொல்லரின் ‘பறி’ வாடிக்கையாளருக்கு விளங்கக்கூடாது என்று பிறந்தது. காப்பிக்கடைச் சொற்கள் இரைச்சலுக்கு நடுவில் விளங்க வேண்டும் என்று பிறந்தவை. நோக்கம் நேர் எதிர்; வழிமுறை ஒன்றே.

இதே உணவங்காடியில் ‘தே தாரேக்’ என்று ஒன்று உண்டு. இரண்டு குவளைகளுக்கிடையே நுரை பொங்க ஆற்றி ஆற்றிக் கொடுப்பது. அப்படி ஆற்றியவர்கள் பெரும்பாலும் நம் ஊர்த் தமிழ் முஸ்லிம்கள். அவர்கள் வாயில் அது ‘ஆத்துறது’. பெயர் மட்டும் மலாயில் ‘தாரேக்’, அதாவது இழுப்பது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி 2016 மார்ச்சில் சிங்கப்பூர்ச் சொற்கள் பலவற்றைச் சேர்த்தபோது தே தாரேக்கும் உள்ளே போனது. ஆற்றியவன் சொல் போகவில்லை, குடித்தவன் சொல் போனது. இது எனக்கு நெடுநாள் உறுத்தல். இந்த ஊர் வாய்மொழியில் தமிழ் கொடுத்தது என்ன, வாங்கியது என்ன என்று ஒரு கணக்கு எழுதிப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

கணக்கின் பழைய பக்கங்களில் நாம் தாராளமாகக் கொடுத்திருக்கிறோம். மலாயில் கடைக்கு ‘கெடாய்’. கப்பலுக்கு ‘காப்பால்’. பெட்டிக்கு ‘பெத்தி’, கட்டிலுக்கு ‘காத்தில்’, சுருட்டுக்கு ‘செருத்து’, கோயிலுக்கு ‘குயில்’, கழுதைக்கு ‘கெலெடாய்’. எனக்கு மிகவும் பிடித்தது ‘மோடால்’. தொழிலில் போடும் முதல்தான் அது. இன்றும் கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் வங்கி அதிகாரிகள் மூலதனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தெரிந்தோ தெரியாமலோ, செட்டியார் ஒருவரின் பேரேட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். சுமத்திராவின் பாருஸ் கரையில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது. கல்லில் எழுதிவைக்கும் அளவுக்கு அங்கே வேரூன்றியவர்கள், கடையையும் முதலையும் சொல்லாமல் விட்டிருப்பார்களா?

துட்டு என்ற சொல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சென்னையில் ‘கையில துட்டு இல்ல’ என்றால் கொச்சை. மேடையில் சொல்லமாட்டோம். மலாய்க்காரர் ‘தாக் ஆடா டூயிட்’ என்பார், காசில்லை. துட்டும் டூயிட்டும் அண்ணன் தம்பி. ஆனால் தமிழ் மலாய்க்குக் கொடுத்ததில்லை, மலாய் தமிழுக்குக் கொடுத்ததும் இல்லை. இரண்டுக்கும் தகப்பன் டச்சுக்காரன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி புழக்கத்தில் விட்ட சின்னச் செப்புக் காசுக்கு ‘டோய்ட்’ என்று பேர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கம்பெனிக்குக் கோட்டையும் கிடங்கும் இருந்தன; 1641 முதல் மலாக்காவும் அவர்கள் கையில். ஒரே கம்பெனியின் செப்புக்காசு வங்கக்கடலின் இரு கரையிலும் ஏழைகளின் மடியில் ஏறியது. டச்சு மொழி இரண்டு கரையிலும் நிலைக்கவில்லை. கம்பெனியும் போய்விட்டது. சில்லறைக் காசின் பேர் மட்டும் பணத்துக்கே பேராகி நின்றுவிட்டது. ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பியிருந்தால், ‘பாருங்கள், டூயிட் தமிழ்ச் சொல்’ என்று கைதட்டல் வாங்கியிருப்போம்.

அந்தக் கைதட்டல்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மலாயில் ‘லா’ என்று முடிக்கிறார்களா, அது நெல்லையின் ‘ஏலே’ என்று ஒருவர் சொல்வார். மலாயில் ‘-லா’ பழங்காலந்தொட்டே இருக்கும் ஒட்டு. சிங்கப்பூர் ஆங்கிலத்தின் ‘லா’வுக்கு மலாயோ ஹொக்கியனோ என்ற வழக்கே தீரவில்லை, இடையில் திருநெல்வேலியை எதற்கு இழுக்க வேண்டும்? ஒரு சொல்லுக்கு வேர் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சொல்லைப் பேசியவர்கள் எந்த வேலையில், யாரோடு, எங்கே தோள் உரசினார்கள் என்பதைத்தான். ஒலி பிறகு. காரைப் பின்னால் எடுப்பதை இங்கே எல்லா மொழிக்காரர்களும் ‘கோஸ்தான்’ என்கிறோம். சீனமா, மலாயா என்று காதை வைத்துத் தேடினால் கிடைக்காது. கப்பலைப் பின்னோக்கிச் செலுத்த ஆங்கில மாலுமி இட்ட கட்டளை ‘கோ ஆஸ்டர்ன்’. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் கடலிலிருந்து அதைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தை நினைத்தால்தான் சொல் பிடிபடும்.

இனிக் கணக்கின் புதிய பக்கம். சிங்லிஷ் என்று நாம் செல்லமாகவும் சிலர் எரிச்சலோடும் சொல்லும் இந்த ஊர் ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்தது என்ன? அய்யோ. டேய். மச்சா. அண்ணே. தம்பி. மாமா. போடா. குண்டு. இதற்குமேல் நீட்டச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. இந்தப் பட்டியலை அந்தப் பழைய மலாய்ப் பட்டியலோடு சேர்த்துப் படியுங்கள். அங்கே கடை, முதல், கப்பல், பெட்டி என எல்லாம் பொருள்கள், அதுவும் வியாபாரத்தின் பொருள்கள். இங்கே ஒரு பொருளின் பேர்கூட இல்லை. எல்லாம் கூப்பிடும் சொல், திட்டும் சொல், அலறும் சொல். முன்பு சரக்கோடு வந்தவனிடம் சரக்கின் பேரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பின்னாளில் அடுத்த வீட்டிலும் பட்டாளக் கொட்டகையில் அடுத்த கட்டிலிலும் இருந்தவன், தன் ஆட்களைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. அதைக் கற்றுக்கொண்டார்கள். என் கட்சி இதுதான்: மொழியின் பெருமை சிறுமை இதில் எதுவும் இல்லை, தமிழன் இந்த மலாக்கா நீரிணைப் பகுதியில் இருந்த இடம் மாறியதன் பதிவு இது. வணிகனாக இருந்தபோது பெயர்ச்சொல் கொடுத்தோம். அண்டைவீட்டாராக ஆனபோது விளிச்சொல் கொடுத்தோம். இரண்டாவது மட்டம் என்று நான் நினைக்கவில்லை. ‘மோடால்’ என்று சொல்கிற மலாய்க்காரருக்குத் தமிழன் முகம் நினைவுக்கு வராது. ‘மச்சா’ என்று சொல்கிற சீனப் பையனுக்கு வரும்.

குண்டு கதை சுவையானது. சிங்லிஷில் ‘குண்டு’ என்றால் மடையன். நமக்குக் குண்டு என்றால் பருமன், வெடிகுண்டு, பல்பு. மடத்தனம் எங்கேயும் இல்லை. இருந்தும் அதன் வேர் தமிழ்க் குண்டுதான் என்பது பரவலான கருத்து. என் ஊகம், பள்ளிக்கூட மைதானத்தில் பருத்த பையனைக் கூப்பிட்ட குரலைப் பக்கத்து ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டு, பந்தைக் கோட்டைவிட்டவனையெல்லாம் அப்படியே அழைத்திருப்பார்கள். உருவத்தைக் குறித்தது புத்தியைக் குறிக்கலாயிற்று. 1982இல் சில்வியா தோ பைக் சூ இந்த ஊர்ப் பேச்சைப் பற்றி நகைச்சுவையாக ஒரு புத்தகம் எழுதினார். பேர் ‘ஏ, குண்டு!’ 1986இல் அதன் அடுத்த பாகம் ‘லாகி குண்டு!’. சிங்லிஷைப் பற்றிப் பரவலாகப் படிக்கப்பட்ட முதல் புத்தகங்களின் அட்டையில் தமிழ்ச் சொல் ஒன்று, அதுவும் வசைச்சொல். நம்மில் எத்தனை பேர் அதற்காகப் பெருமைப்பட்டோம்?

மாமா இன்னொன்று. அடுக்குவீட்டுப் புளோக்கின் கீழே மிட்டாய், பத்திரிகை, சிகரெட், செருப்பு என்று எல்லாம் தொங்கவிட்ட சின்னக் கடைக்கு ‘மாமாக் கடை’. கடைக்காரரான தமிழ் முஸ்லிம் பெரியவரை வாடிக்கையாளர் மரியாதையாக மாமா என்று அழைக்க, மலாய் வாயில் கடைசியில் ஒரு ‘க்’ ஒட்டிக்கொண்டு மாமாக் ஆகி, கடைக்கும், மலேசியாவில் ஒரு சமூகத்துக்கே பேராகவும் ஆகிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மாமாக் கடை என்று கேட்டதும் விழித்தார். அங்கே ‘மாமா வேலை’ என்றால் என்ன என்பது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும், சின்னப் பிள்ளைகள் இருப்பதால் விளக்கவில்லை.

டேய்க்கும் மச்சாவுக்கும் கதை வேறு. தமிழில் டேய் என்பது ஏணி பார்த்துப் போடும் சொல். வயதில் சின்னவன், தோழன், அல்லது சண்டைக்காரன். நான்காவது ஆளுக்கு அனுமதி இல்லை. பட்டாளத்தில் சேர்ந்த சீன, மலாய்ப் பையன்களுக்கு அந்த ஏணி தெரியாது. பார்க்கிற தமிழனையெல்லாம் ‘டேய், மச்சா’ என்கிறார்கள். தமிழ்ச் சார்ஜென்ட் ஒருவரைப் புதிதாகச் சேர்ந்த பையன் அன்போடு டேய் என்று கூப்பிட்டுத் தரையில் தண்டால் எடுத்ததாக ஒரு கதை சுற்றுகிறது. மச்சான் எங்கள் சொத்து என்று மட்டும் உரிமை கொண்டாட வேண்டாம். கொழும்பில் சிங்கள இளைஞர்கள் ஒருவரையொருவர் ‘மச்சங்’ என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள். அங்கேயும் தமிழிலிருந்து போனதுதான். போர் நடந்த ஆண்டுகளிலும் அந்தச் சொல்லை யாரும் திருப்பித் தரவில்லை.

‘அய்யோ’வும் ‘அய்யா’வும் 2016இல் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்குள் போனபோது இங்கும் தமிழ்நாட்டிலும் கொண்டாடினோம். கொண்டாடுவோம், ஆனால் பங்காளிகளோடு. மலையாளிக்கும் கன்னடருக்கும் தெலுங்கருக்கும் சிங்களருக்கும் அய்யோ உண்டு. சீனருக்கும் அவர்களுடைய ‘ஐயோ’ தனியாக உண்டு.

கணக்கில் கசப்பான வரி ஒன்றும் இருக்கிறது. கொச்சையைப் பற்றிப் பேச வந்துவிட்டு அதைத் தாண்டிப் போனால் நேர்மை இல்லை. ‘கிளிங்’ அல்லது ‘கெலிங்’. கலிங்கத்திலிருந்து வந்தது. செஜாரா மெலாயு போன்ற பழைய மலாய் நூல்களில் தென்னிந்திய நாட்டையும் மக்களையும் குறிக்கும் சாதாரணப் பேர். இழிவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சிங்கப்பூரில் ஒரு தெருவுக்கே ‘கிளிங் ஸ்திரீட்’ என்று பேர் இருந்தது. 1886இல் வெளியான, ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் திரட்டிய ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவு உண்டு. தொகுத்த இருவரில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ் அறிந்தவர். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் சாலை போடவும் கூலிகளாக ஆட்கள் வந்து குவியக் குவிய, அந்தப் பேர் தூக்குகிறவனின் பேராயிற்று, பிறகு ஏளனமாயிற்று. 1921இல் தெருவின் பேரைச் சூலியா ஸ்திரீட் என்று மாற்றினார்கள். சோழியர் என்பதன் திரிபுதான் சூலியா. நகரத்தின் ஆரம்பகால வரைபடமான ஜாக்சன் திட்டத்திலேயே சூலியாக் கம்பம் என்று நமக்கு இடம் குறித்திருந்தார்கள். சொல்லில் பிழை இல்லை, அதே எழுத்துகள், அதே ஒலி. அந்தப் பேரால் அழைக்கப்பட்டவனுக்குச் சந்தையில் விலை இறங்கியது, சொல்லும் கூடவே இறங்கியது. ‘கூலி’ என்ற நம் சொல்லுக்கும் அதே கதி. செய்த வேலைக்கு வாங்கும் ஊதியம், உலகம் முழுவதும் ஆளைத் திட்டும் சொல்லாகிப் போயிற்று.

செலவு போதும், வரவுக்கு வருவோம். இங்கே நாம் கை நிறைய வாங்கியிருக்கிறோம். பெரியவர்கள் சாலையைச் சடக்கு என்பார்கள், இந்துஸ்தானிச் சொல். 1891இல் ஹாட்டன் என்ற ஆங்கில அதிகாரி சிங்கப்பூர்த் தெருக்களுக்கு ஊர்மக்கள் வழங்கிய பேர்களைத் திரட்டி வெளியிட்டார். அரசாங்கம் வைத்த பேர் ஒன்று, சீனர் வைத்தது ஒன்று, தமிழர் வைத்தது ஒன்று. குரோஸ் ஸ்திரீட் தமிழர் வாயில் பால்கடைச் சடக்கு. பால் கறந்து விற்றவர்கள் நம்மவர்கள் என்பதற்குத் தெருப்பேரே சான்று. சிராங்கூன் சாலையை அடுத்த காம்போங் காப்போர் நமக்குச் சுண்ணாம்புக் கம்பம். மலாய்க் காம்போங்கைக் கம்பமாக்கி, காப்போரை மொழிபெயர்த்துச் சுண்ணாம்பாக்கி, பாதி கடன் பாதி சொந்தம். தேக்கா என்ற இடப்பேரைத் தேக்கு மரத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது ஹொக்கியனில் மூங்கிலின் அடிவாரம். இந்தப் பிடோக்கும் மலாயில் தொழுகைக்கு அழைக்கும் பெருமுரசின் பேர் என்பார்கள். 1604இல் எரேடியா என்ற போர்த்துக்கீசியர் வரைந்த வரைபடத்திலேயே பிடோக் ஆறு ‘சுனெ பொதோ’ என்று பதிவாகியிருக்கிறது. நாம் அந்தப் பேரில் கைவைக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

தோட்டப்புறத் தமிழில் ரப்பர் ‘கித்தா’, மலாய் ‘கெத்தா’விலிருந்து. மேற்பார்வையாளர் ‘மண்டோர்’, போர்த்துக்கீசியம். எழுத்தர் ‘கிராணி’. ஒரே ஒரு தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றால் நாலு மொழி நடந்தது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்துப் பாருங்கள். மெடானும் பினாங்கும் அதில் உயிரோடு எழுந்து நிற்பதற்குக் காரணம், அந்தக் கடைத்தெருப் பேச்சை அவர் சலித்துவிடாமல் அப்படியே கொட்டியதுதான்.

வாங்கியது எல்லாம் அந்நியம் என்றும் எண்ண வேண்டாம். டாலரை ‘வெள்ளி’ என்கிறோம், சென்ட்டைக் ‘காசு’ என்கிறோம். நீரிணைக் குடியேற்றங்களில் புழங்கிய நாணயம் வெள்ளியால் ஆனது. உலோகத்தின் பேரே பணத்தின் பேராயிற்று. தமிழ்நாட்டார் கேட்டால் வெள்ளிக்கிழமையா என்பார்கள். ‘பசியாறிட்டீங்களா?’ என்று காலையில் கேட்கிறோமே, சென்னையில் அது இலக்கியம்போல ஒலிக்கிறது. நாகூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இன்றும் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் பேர். கப்பலேறி வந்த சொல் இது என்பது என் முடிவு. ஊரில் வட்டார வழக்காக ஒதுங்கியது, இங்கே எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் பொதுவாகிவிட்டது.

1967இல் தேசிய சேவை, அதாவது இளைஞர்களுக்கான கட்டாயப் பட்டாளச் சேவை, தொடங்கியது. வாய்மொழி வரலாற்றில் அது ஒரு பெரிய திருப்பம் என்பேன். தனித்தனிப் பேட்டையிலும் தனித்தனிப் பள்ளியிலும் வளர்ந்த பையன்களை ஒரே கொட்டகையில் படுக்கவைத்தார்கள். அணிவகுப்புக் கட்டளை மலாயில், திட்டு ஹொக்கியனில், எழுத்து ஆங்கிலத்தில். அங்கிருந்து வீடு திரும்பும் தமிழ்ப் பையன் பேசுவதைக் கேளுங்கள். ‘அவன் சும்மா கெங் பண்றான்’, உடம்பு சரியில்லை என்று நடிக்கிறான். ‘என்னைச் சாபோ பண்ணிட்டான்’, மாட்டிவிட்டான். ‘நல்லா தெக்கான் பண்ணினாங்க’, வறுத்தெடுத்தார்கள். ‘வாயாங் காட்டாதே’, வேஷம் போடாதே. ஹொக்கியன், ஆங்கிலம், மலாய், மறுபடி மலாய். ஆனால் வாக்கியத்தின் முதுகெலும்பைத் தொட்டுப் பாருங்கள். எழுவாய் முன்னால், வினை கடைசியில், பெரும்பாலும் ‘பண்ணு’ என்ற ஒரே துணைவினையில் எந்த நாட்டுச் சொல்லும் வந்து அமர்ந்துகொள்கிறது. காலம், எண், மரியாதை எல்லாம் தமிழ் விகுதி. இதைக் கெட்டுப்போன தமிழ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் பேஜாரும் நாஸ்தாவும் உருதுவிலிருந்து வந்து உட்கார்ந்ததும் இப்படித்தான்.

இன்னொரு பக்கம் நம் பத்திரிகைத் தமிழ் அழகழகான சொற்களைக் கட்டியிருக்கிறது. உணவங்காடி நிலையம், விரைவுச்சாலை, குடிநுழைவு, தொடக்கக்கல்லூரி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைச் சுருக்கி ‘வீவக’. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இவற்றை நாள்தோறும் அச்சடித்து நிலைநிறுத்தியது. புதுமைதாசன் வானொலிக்கு ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ எழுதியபோது, அடுக்குவீடு என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு காலம் முழுவதும் அடங்கியது. ஆங்கிலப் பக்கம் சிங்லிஷைத் திருத்த நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் 2000இல் வந்தது. தமிழ்ப் பக்கமோ, பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005இல் வகுப்பறைக்குள் பேச்சுத்தமிழும் வர வேண்டும் என்றது. அது துணிச்சலான முடிவு. ஆனால் வந்தது தரப்படுத்திய பேச்சுத்தமிழ். பாட்டியின் சடக்கும் பேரனின் கெங்கும் அதிலும் வெளியேதான் நிற்கின்றன.

ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. இந்தச் சரிவைப் பார்க்கும்போது பாடநூலைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பாடநூல் அச்சில் இருக்கும். யாரும் அச்சிடாத தமிழ்தான் முதலில் போகும். கித்தாவும் மண்டோரும் சொன்ன தலைமுறை எண்பதைத் தாண்டிவிட்டது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு 1982இல் ஒரு சொல்லகராதி செய்தார். பெரிய நிறுவனம் எதையும் அவர் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. கிராமத்தில் காது கொடுத்துக் கேட்டார், எழுதிவைத்தார், நண்பர்களையும் எழுதவைத்தார்.

நான் கேட்பது அதுதான். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி சொல்லும் ஒரு சொல், வாரக்கடைசியில் முகாமிலிருந்து வரும் பையன் சொல்லும் ஒரு சொல். தனிச்சொல்லாக எழுதாதீர்கள், சொன்ன வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள். சொன்னவர் வயது, செய்த வேலை, எந்த ஊரில் எந்தப் பேட்டையில் வளர்ந்தவர், யாரிடம் முதலில் கேட்டார், இவ்வளவும் பக்கத்தில் குறியுங்கள். வேர் எது என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம், அதைப் பிறகு வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வசையாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். எழுதச் சங்கடமாக இருந்தால் பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதுங்கள். நூறு வீட்டு நோட்டுகள் சேர்ந்தால் சிங்கப்பூர்த் தமிழ் வழக்குச் சொல்லகராதிக்கு முதல் தொகுப்பு ஆகிவிடும். அச்சுச் செலவுக்கு இந்த அறக்கட்டளை போன்றவை முன்வர வேண்டும் என்று நிறுவியோரைக் கேட்டுக்கொள்கிறேன்.